காபி காப்ஸ்யூலை எந்தக் குப்பையோடு கொடுப்பது?

வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கித் தந்த காப்ஸ்யூல் (ஒரு கோப்பைக்கான காபித்தூளை அடைத்த சிறு கூடு) இயந்திரத்தில் நாளுக்கு நான்கு காபி போடுவதாக மதுரை கே.கே. நகர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்ட காலிக் காப்ஸ்யூல்களை மக்கும் குப்பையில் போடுவதா, மக்காத குப்பையில் போடுவதா என்றும், ‘மக்கக்கூடியது’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பவற்றை மல்லிகைத் தொட்டியில் புதைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஈரத் தூளோடு அப்படியே கொடுத்தால் இரண்டிலும் அது கெடுதலே செய்யும். உரமாக்கும் குப்பையில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்துவிடும். மக்காத குப்பையிலோ ஈரத்தில் பூசணம் பிடித்து, பிரிப்பவர் கையால் தொடத் தயங்கும் நிலைக்கு வந்து, கடைசியில் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போய்ச் சேரும். எனவே தூளையும் கூட்டையும் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

முதலில் ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கியபடியே நின்றால் அலுமினியம். விரலை எடுத்ததும் எழும்பினால் பிளாஸ்டிக். அலுமினியமானால், ஆறிய பிறகு மேல்தகட்டைக் கத்தி முனையால் சுற்றிலும் கீறி, உள்ளே இறுகிக் கிடக்கும் சக்கையைக் கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்து, காய்கறி கழுவிய தண்ணீரில் கூட்டை அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவிடுங்கள். ஒரு கூடு ஏறத்தாழ 1 கிராம்தான் என்பதால் தனியாக எடைக்குப் போட முடியாது. ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரம் ஏதாவது இருந்தால் அதற்குள் இறுக அடைத்துப் பழைய இரும்புக் கடையில் போடலாம். மெல்லிய தகடு உதிரியாக உலைக்குப் போனால் ஒரு பகுதி ஆக்சைடாகி வீணாகும் என்பதால் இப்படி இறுக்குவது அவசியம். பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே பழைய அலுமினியத்தை உருக்கப் போதும். இவ்வளவு சிரமப்படுவது அதற்காகத்தான்.

பிளாஸ்டிக் கூட்டில் மேல்தகடும் வடிதாளும் ஒட்டியிருப்பதால் அதை வாங்குவோர் அரிது. கிழித்துப் பிரித்து, கழுவி, மக்காத குப்பையோடு கொடுங்கள், மறுபடி வாங்காதீர்கள்.

மக்கக்கூடிய வகை பெரும்பாலும் 60 டிகிரி அளவு வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்கும் உர ஆலைகளுக்கென்று செய்யப்பட்டது. மதுரையின் அக்கினி நட்சத்திரத்திலும் தொட்டி மண் அந்தச் சூட்டை எட்டாது. கூட்டைப் புதைக்க வேண்டாம். சக்கையை மட்டும் காய்ந்த இலை, சாணத்தூளோடு கலந்து மக்கவைத்து மல்லிகைக்கு இடுங்கள். பச்சையாகத் தடிமனாகப் பரப்பினால் மேலே ஓடு போல் இறுகித் தண்ணீரைத் தடுக்கும்.

இயந்திரத்தை ஒதுக்க மனமில்லையென்றால், அதற்குப் பொருந்தும் எவர்சில்வர் காப்ஸ்யூல் ஒன்று வாங்கித் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். எனக்கு ஃபில்டர்தான் சரியென்று படுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் கொட்டையை வறுத்து அரைக்கும் கடைக்குச் சொந்த டப்பாவைக் கொண்டுபோனால், வீட்டில் மிஞ்சுவது சக்கை மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலக சராசரியில் ஒரு லிட்டர் பசும்பாலுக்குப் பின்னால் ஏறத்தாழ 3 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமான உமிழ்வு இருக்கிறது. பால் காபியில் கூட்டைவிடப் பாலின் சுமையே பெரிது. ஆகவே குடிப்பவர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு பாலை அடுப்பில் வையுங்கள். மீந்த டிகாக்‌ஷனைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மாலைக் காபிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.