பத்துக் காசு லாரி மலிவுதானா?

கேள்வி: கோவையில் முலாம் பூசும் பட்டறை நடத்துகிறேன். வளாகத்துப் போர்வெல் நீரில் குரோமியம் கலந்துவிட்டது. நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் இறைத்துச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்து வருகிறோம். சுத்திகரித்த நீரை டேங்கர் லாரியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிவிட லிட்டருக்குப் பத்துக் காசு கேட்கிறார்கள். முதலீடே வேண்டாம் என்கிறார்கள். ஒப்பந்தம் போடலாமா?

பதில்: பத்துக் காசை முதலில் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 43,200 லிட்டர். அதற்கு 4,320 ரூபாய். ஆண்டுக்கு 15 லட்சத்து 77 ஆயிரத்தை நெருங்கும். 12,000 லிட்டர் லாரி தினமும் நான்கு நடை வர வேண்டும், தீபாவளி அன்றும். லாரி வராத நாளில் மோட்டாரை நிறுத்துவீர்கள். நிறுத்தினால் மாசு பக்கத்துக் கிணற்றை நோக்கி நகரத் தொடங்கும். ஆகவே இரண்டு நாள் நீரைப் பிடித்துவைக்கும் தொட்டியாவது கட்டியாக வேண்டும். முதலீடு வேண்டாம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

எத்தனை ஆண்டு இறைக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தொடக்கத்தில் குரோமியம் அளவு மளமளவென்று இறங்கும். எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். பிறகு ஓரிடத்தில் நின்று இழுத்தடிக்கும். மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். இறைப்பதை நிறுத்தினால் அளவு மறுபடியும் ஏறுவதும் உண்டு. ஆறு மாதத்தில் முடியும் வேலை என்று யாராவது சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்கில் பத்தாண்டு வைத்துத்தான் வழிகளை ஒப்பிட வேண்டும்.

இனி நீரின் தரம். பெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைப் போட்டு, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்கி, சுண்ணாம்பு சேர்த்து, சேறாகப் படியவைப்பதுதான் உங்கள் முறையாக இருக்கும். அது குரோமியத்தை நீக்கும். உப்பை நீக்காது, சல்பேட்டைக் கூட்டவும் செய்யும். நீர்நிலைகளில் விட ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதில் தேறிவிடுவீர்கள். கரைந்த உப்புகளுக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கொங்குப் பகுதியில் பல போர்வெல் நீர் முதலிலேயே உப்பு. ஆர்.ஓ. வைத்தால் கழிவாக வரும் உப்புநீரை என்ன செய்வது என்ற அடுத்த தலைவலி வரும். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன திருப்பூர்ச் சாய ஆலைகளைக் கேட்டால் அந்த உப்புநீரின் விலையைச் சொல்வார்கள். எனவே உங்கள் போர்வெல்லின் உப்பு அளவு தெரியாமல் எந்த வழிக்கும் விலை போடாதீர்கள்.

குரோமியச் சேறு அபாயகரமான கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். உங்களிடமிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். செலவு வலிக்கும். ஆனால் நீரை எங்கே விட்டாலும் அந்தச் செலவு ஒன்றுதான். பட்ஜெட்டில் எழுதுங்கள், ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது மறுபயன்பாடு. கழிப்பறைக்கும் தரை கழுவவும் புகையைக் கழுவும் கருவிக்கும் இந்த நீர் போதும். முலாம் பூசிய பொருளை அலச உப்பு நீர் ஆகாது, கறை விழும். இங்கே பலர் கணக்கில் ஏமாறுகிறார்கள். நீங்கள் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் விலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் மிச்சமும் அந்த 10,000 லிட்டருக்குத்தான், 43,200 லிட்டருக்கு இல்லை.

மீதியைப் பாதாளச் சாக்கடையில் விட முடியுமா என்று பாருங்கள். குரோமிய வரம்பு அங்கே தளர்வு, 2 மில்லிகிராம். மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டின் அனுமதியும் வேண்டும். உங்கள் தெருவில் குழாய் ஓடவும் வேண்டும். குழாய், தொட்டி, அனுமதி எல்லாம் சேர்த்து 12 லட்சம், ஆண்டுச் செலவு 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால்கூட, லாரியோடு ஒப்பிடும்போது பதினைந்து மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்.

திரும்ப நிலத்துக்குள்ளேயே செலுத்தலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். உங்கள் ஊர்க் கடினப் பாறையில் வேண்டாம். வெடிப்புகளின் வழியே நீர் எங்கே போய் மாசை எங்கே தள்ளும் என்று சொல்ல முடியாது. மிஞ்சிய இரும்பு படிந்து கிணறும் அடைத்துக்கொள்ளும். இரவில் ஓடையில் திறந்துவிடும் வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மகிழ்ச்சி.

இதற்கெல்லாம் முன்னால், 30 லிட்டர் உண்மையிலேயே தேவையா என்று ஒரு நிலத்தடி நீரியல் வல்லுநரை வைத்து இறைப்புச் சோதனை செய்யுங்கள். மாசைப் பரவாமல் பிடித்துவைக்க நிமிடத்துக்கு 20 லிட்டர் போதுமென்றால் லாரிக் கணக்கிலேயே ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் மிச்சம். சோதனை முடியும் வரை லாரியையே வைத்துக்கொள்ளலாம்: ஆறு மாதத்துக்கு மட்டும், குறைந்தபட்ச அளவுக்கு உத்தரவாதம் கேட்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிட்டு.