599 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வருகிறது. ஃபைல்கள் திறக்கவில்லை. டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸின் 'செக்டிஸ்க்' ஓட்டலாமா?

ப: வேண்டாம். உடனே கழற்றி வையுங்கள். உள்ளே இருப்பது முக்கியம் என்றால், அடுத்து அதைத் தொடுபவர் டேட்டா ரெக்கவரி செய்பவராக மட்டுமே இருக்கட்டும்.

கே: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 599 ரூபாய்க்கு வாங்கி, தங்கச்சி கல்யாணப் படங்களை ஏற்றினேன். ஃபைல் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, பாதிக்கு மேல் திறக்கவில்லை. 'ரிட்டர்ன் காலம் முடிந்தது' என்கிறார்கள். – வாசகி, திண்டுக்கல்

ப: உங்கள் மேல் தப்பில்லை அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது அநேகமாக 32 அல்லது 64 ஜிபி சிப். அதை இயக்கும் கன்ட்ரோலரில் கைவைத்து, 2 டிபி, அதாவது சுமார் 2,000 ஜிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஓடிக்கொண்டே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. புதிதாக ஏறுவது காணாமல் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருப்பதால் எல்லாம் ஏறிவிட்டது என்று நம்புகிறோம்.

எனக்குத் தீராத கோபம், இதை விற்க இடம் கொடுக்கும் தளங்கள் மேல்தான். பார்சல் வந்த அன்றே நாலு பாட்டு ஏற்றிப் பார்த்தவர்கள் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். டிரைவ் நிரம்பும்போதுதான் மோசடி வெளிவரும், அதற்குள் ரிட்டர்ன் நாட்கள் முடிந்திருக்கும். புகார் வந்த சரக்கு வேறு பெயரில் மறுபடி வருகிறது. இது தளக்காரர்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

முதலில் போட்டோகிராபரிடம் இன்றே கேளுங்கள், மூலப் படங்களை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கலாம். அடுத்து, திறக்கிற படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' ஓட்டுங்கள். இரண்டும் இலவசச் சோதனை மென்பொருட்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து விற்றவருக்கும் தளத்துக்கும் அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்பது 2020 மின்வணிக விதி. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 599 ரூபாய்க்காகவா என்று யோசிக்காதீர்கள்.

கே: மூன்று வருடக் கடைக் கணக்கு ஒரே பென்டிரைவில். வேலை முடிந்ததும் அப்படியே பிடுங்குவேன். இப்போது 'ஃபார்மட் செய்' என்கிறது. வாரண்டியில் கணக்கை மீட்டுத் தருவார்களா?

ப: தர மாட்டார்கள். வாரண்டி பொருளுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை என்று அட்டையிலேயே இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு நாள் கூட இன்னொரு பிரதி எடுக்கத் தோன்றவில்லையா? ஃபார்மட் கொடுக்காதீர்கள். லினக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, 'டிடிரெஸ்க்யூ' என்ற நகலெடுக்கும் மென்பொருளால் முழு டிரைவுக்கும் ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' என்று எந்த மீட்பு மென்பொருளானாலும் அந்த நகலின் மேல்தான் ஓட வேண்டும்.

கே: புது டிஸ்க் மாற்றியும் காப்பி செய்த ஃபைல்கள் கெட்டுப்போகின்றன. கடைக்காரர் இன்னொரு டிஸ்க் வாங்கச் சொல்கிறார். – வாசகர், ஓசூர்

ப: வாங்காதீர்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மென்பொருளைத் திறந்து பாருங்கள். அதில் 'சி7' என்ற வரியின் எண் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம், டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் மேல், அதை மாற்ற அதிகச் செலவில்லை. '05', 'சி5', 'சி6' வரிகளின் எண் ஏறினால் பழுது டிஸ்க்கில்தான். எதுவும் ஏறவில்லை என்றால் ரேமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86'ஐ ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ரேம் கெட்டிருந்தால் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் ஃபைல் கெடும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையில் டிஸ்க் இதுவரை ஓடிய நேரத்தைச் சொல்லும் 'பவர் ஆன் அவர்ஸ்' என்ற எண்ணையும் பாருங்கள். சீல் பிரிக்காத புது டிஸ்க் என்று ஒரு கடையில் எனக்கு விற்றதில் அது ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டியது. எங்கோ ஓடித் தேய்ந்ததற்குப் புதுக் கவர் போட்டிருந்தார்கள். அந்தத் திரையின் படத்தைக் காட்டிய பிறகுதான் பணம் திரும்பியது. உங்கள் 'புது' டிஸ்க்கையும் இன்றே பாருங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கே: 5 ஜிபி வீடியோ பென்டிரைவில் ஏறவில்லை, இடம் நிறைய இருக்கிறது. பழுதா?

ப: பழுதில்லை. உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.