ரேடியோவுல செய்தி சொன்ன சரோஜ் நாராயண்சுவாமி, எழுதிக் குடுத்ததை வாசிச்சவங்கதானே, அவங்களைப் போய் ஏன் இவ்வளவு பெருசா பேசுறாங்க?

நீங்க அனேகமா டிவி வந்தப்புறம் பிறந்தவரா இருப்பீங்க, அதனால கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா "எழுதிக் குடுத்ததை வாசிச்சவங்க"ன்னு பார்த்ததும் சுருக்குன்னு இருந்துச்சு.

அந்தக் காலத்துல டெல்லி வானொலி நிலையத்துல செய்தி இங்கிலீஷ்லதான் டேபிளுக்கு வரும். தமிழ்ப் பிரிவுல இருக்கவங்க உக்காந்து தமிழாக்கி, பத்து நிமிஷத்துக்குள்ள அடங்குற மாதிரி வெட்டி, அப்புறம் மைக் முன்னாடி போய் வாசிக்கணும். மொழிபெயர்ப்பும் சேர்ந்ததுதான் அந்த வேலை. இந்தம்மா பாம்பேயில வளர்ந்து, இங்கிலீஷ் இலக்கியம் படிச்சு, டெல்லியில பேங்க் வேலை பார்த்துட்டு ரேடியோவுக்கு வந்தவங்க. அகில இந்திய வானொலியில தமிழ்ச் செய்தி வாசிச்ச முதல் பெண். 35 வருஷம் கிட்ட வாசிச்சாங்க. தமிழ்நாட்டுல வளராத ஒருத்தங்க வாயில அந்த ழகரம் எப்படி நின்னுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க ஊரு முசிறி பக்கம். அப்போ காலையில 7.15க்கு திருச்சி ஸ்டேஷன் டெல்லி செய்தியை வாங்கி அப்படியே ஒலிபரப்பும். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது..."ன்னு கேட்டதும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு எனக்கு நோட்டு எடுத்துக் குடுக்கும், ஏன்னா ஸ்கூல் ப்ரேயர்ல செய்தி வாசிக்கிறது நான்தான். ஏழாவது படிக்கிறப்போ ஒருநாள் சோவியத் தலைவர் பேரை கோர்பச்சேவ்னு வாசிச்சேன், தமிழ் ஐயா எல்லார் முன்னாடியும் நிறுத்தி, பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்கானே, நீயா பேரு வச்சியான்னு கேட்டாரு. டெல்லியில அந்தம்மா இப்படித்தான் சொன்னாங்க ஐயான்னேன். அடி விழும்னு நினைச்சேன். ஐயா கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், வாசின்னுட்டாரு. ஒரு பொம்பளை சொன்னா சரியா இருக்கும்னு எங்க ஊர்ல ஒரு ஆம்பளை அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உடனே யாராவது வந்து, ஆண்களும் நல்லா வாசிச்சாங்களேம்பீங்க. வாசிச்சாங்க, நான் இல்லைன்னே சொல்லல. ஆனா கடைத்தெருவுல டீக்கிளாஸோட நின்னு கேட்ட அத்தனை ஆம்பளைங்களுக்கும் நாட்டு நடப்பைச் சொன்னது ஒரு பெண் குரல், அதுவும் குழையாம, கெஞ்சாம, கம்பீரமா. பின்னாடி நான் ஒரு தனியார் எஃப்எம்ல குரல் தேர்வுக்குப் போனேன். "உங்க தமிழ் ரொம்ப சுத்தமா இருக்கு, கொஞ்சம் கொழகொழன்னு பேசுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த வலி இன்னும் போகல.

இன்னொரு வயித்தெரிச்சலையும் சொல்லிடுறேன். அந்தக் காலத்துல ரேடியோவுக்குன்னு இருந்த லைசென்ஸை அப்பா போஸ்ட் ஆபீஸ்ல கட்டி, உறை தைச்சுப் போட்டு வச்சிருந்த மர்ஃபி ரேடியோவை, நான் ஊர்ல இல்லாதப்போ சித்தப்பா பையன் பழைய இரும்புக்காரர்கிட்ட தூக்கிக் குடுத்துட்டான். கேட்டா, பாடாத பெட்டிதானேங்கிறான். அவன்கூட பேசி நாலு வருஷம் ஆச்சு.

சரோஜ் அம்மா கலைமாமணி விருது வாங்கினாங்க, 2022 ஆகஸ்ட்ல மும்பையில 87 வயசுல இறந்துட்டாங்க. அன்னைக்கு அவங்க வாசிச்ச ஒரு முழு புல்லட்டினாவது கேக்கலாம்னு ராத்திரி பூரா தேடினேன், துண்டு துண்டாத்தான் கிடைச்சுது. உங்க வீட்டுல யாராவது கேசட்ல பதிஞ்சு வச்சிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, கமெண்ட்ல சொல்லுங்க, நானே செலவு பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன்.