மலைச்சரிவில் கிடக்கும் உதிரிக் கற்குவியல் அரிப்பினால் வந்ததா?

இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி மலைப்பக்கம் போய்வந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாலைக்கு மேலே விசிறி போல விரிந்து கிடக்கும் அந்தக் கற்களை உண்டாக்கியது அரிப்பு அல்ல. அவற்றை நிலைகுலைய வைப்பதுதான் அரிப்பு.

உடைப்பது பனி. பகலில் உருகிய நீர் பாறை விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. ஆப்பு வைத்துப் பிளப்பது மாதிரிதான். கழன்ற துண்டைக் கீழே இறக்குவது ஈர்ப்பு விசை. சிதைவு (பாறை இருந்த இடத்திலேயே உடைவது) வேறு, அரிப்பு (உடைந்ததை நீரோ காற்றோ வாரிக்கொண்டு போவது) வேறு என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்வு முடிந்ததும் எல்லாமே ‘மண்ணரிப்பு’ ஆகிவிடுகிறது. (கல் உருள்வதையும் அரிப்பில் சேர்க்கும் வழக்கம் உண்டு, தெரியும். சண்டைக்கு வராதீர்கள். எது போனால் எது விழும் என்று காட்டவே பிரித்துச் சொல்கிறேன்.)

குவியல் ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் நிற்கும். பெரிய கற்கள் உருண்ட வேகத்தில் அடிவரை போய்விடும். சிறியவை இடுக்குகளில் சிக்கி மேலேயே தங்கிவிடும். மேலே பாரம் ஏற்றினாலும் அடியில் பறித்தாலும் சரிவு நகரும்.

அடியில் பறிப்பது சட்லெஜ் போன்ற ஆறு. மேலிருந்து விழுவதும் ஆறு வாரிக்கொண்டு போவதும் சமமாக இருந்தால் குவியல் அதே அளவில் நிற்கும், கற்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். ஆறு எடுக்காத இடத்தில் குவியல் வளர்ந்து, தான் உதிர்ந்த பாறையையே மூடும். மூடிய பகுதியைப் பனி அவ்வளவாகத் தொடாது, வரத்து குறைந்துபோகும். ஆறு அதிகமாக எடுத்தால் மொத்தமும் இறங்கும்.

இன்று அந்த வேலையைப் பொக்லைன் ஒரே வாரத்தில் முடிக்கிறது. சாலைக்காக அடியைச் செங்குத்தாக வெட்டி, ஒரு சுவர் எழுப்பி, பெயிண்ட் அடித்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் வடிகால் துளைகள் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வேண்டும். பின்னால் சரளை நிரப்ப வேண்டும். இல்லையென்றால் கற்களுக்கிடையே மண் அடைந்த சரிவில் மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். இதைவிடக் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர் நல்லது. நீரை விடும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ‘மரம் நட்டால் சரியாகிவிடும்’ என்பவர்களுக்கு: ஓடிக்கொண்டிருக்கும் கல்லில் வேர் எங்கே பிடிக்கும்?

இனி போகும்போது கற்களின் நிறத்தைப் பாருங்கள். பாசிப்பூஞ்சை திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் கல் பல காலமாக அசையவில்லை. வெளிறிய புதிய உடைமுகம் தெரிந்தால் மேலே இன்னும் உதிர்கிறது. 2021 ஜூலை 25 அன்று கின்னௌரின் சாங்லா பள்ளத்தாக்கில் பட்சேரி அருகே உருண்டு வந்த பாறைகள் 9 பேரைக் கொன்றன, ஒரு பாலத்தையும் உடைத்தன. இத்தகைய சரிவுகளை, மழை இல்லாத நாளில், வெயில் ஏறிப் பனிப்பிடிப்பு இளகுவதற்கு முன் காலையிலேயே கடந்துவிடுங்கள். படம் எடுக்க அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.