எதிர்க்கேள்வி கேட்ட எரேமியா

கேள்வி: 'எரேமியா எதிர்க்கேள்வி கேட்காமல் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தார், பிள்ளைகளும் பெரியவர்களுக்கு அப்படியே கீழ்ப்படிய வேண்டும்' என்று எங்கள் ஓய்வுநாள் பள்ளிக் குறிப்பில் இருக்கிறது. எரேமியாவின் வாழ்க்கையிலிருந்து வேறு என்ன பாடங்கள் சொல்லிக்கொடுக்கலாம்? (ஓர் ஆசிரியை, நாசரேத்)

பதில்: வேறு பாடங்கள் இருக்கட்டும் அம்மா. 'எதிர்க்கேள்வி கேட்காமல்' என்று எழுதியவர் பழைய ஏற்பாட்டில் இருக்கும் தீர்க்கதரிசி எரேமியாவின் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா?

முதல் அதிகாரத்திலேயே எரேமியா மறுத்துப் பேசுகிறார்: நான் சிறுபிள்ளை, எனக்குப் பேசத் தெரியாது. பன்னிரண்டாம் அதிகாரத்தில் கடவுளோடு வழக்காடுகிறார்: துரோகம் செய்கிறவர்கள் மட்டும் எப்படிச் சுகமாக வாழ்கிறார்கள்? கடவுள் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை, இன்னும் கடினமான ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: காலாட்களோடு ஓடியே களைத்துவிட்டாயே, குதிரைகளோடு எப்படி ஓடப்போகிறாய்? இருபதாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார் இந்த மனிதர். இவரையா வாய் திறக்காத பிள்ளைக்கு உதாரணம் காட்டுவது?

'கீழ்ப்படிதல்' என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. 'கீழ்' என்று தொடங்குவதால், குனிந்து நிற்பதுதான் முக்கியம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஷமா' என்ற வினை. அதன் பொருள் கேட்பது. 'இஸ்ரவேலே, கேள்' என்று யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஜெபத்திலும் இதே சொல்தான். காதால் கேட்பதற்கும் சொன்னபடி நடப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல். நமக்கும் அப்படித்தான். 'அவன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான்' என்றால் அவனுக்குக் காது மந்தம் என்றா பொருள்? ஒருபடி மேலே போய், வினா எழுப்புவதையும் அதே 'கேள்' என்ற சொல்லுக்குள் வைத்துக்கொண்டது தமிழ். எபிரெயத்தில் அதற்கு வேறு சொல் உண்டு. எரேமியாவைச் சொல்லப் பொருத்தமான சொல் தமிழில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முப்பத்திரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோன் படை வளைத்திருக்கிறது. மதிலைப் பிடிக்க மண்மேடு எழுப்பியாகிவிட்டது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே தகப்பனாருடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். தீர்க்கதரிசனம் சொன்னால் கொன்றுவிடுவோம் என்று அவரை மிரட்டியதும் அதே ஊர்க்காரர்கள்தான். வாங்கு என்கிறார் கடவுள். எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி. நாணயம் எண்ணிக் கொடுக்கும் காலமல்ல, தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப்பத்திரம் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுங்காலம் கெடாமல் இருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இடிந்து விழப்போகும் ஊரில் பத்திரப்பதிவு இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது!

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜெபத்தில் கேட்கிறார்: நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நிலத்தை வாங்கச் சொல்கிறீரே? கைகள் சொன்னதைச் செய்து முடித்துவிட்டன, மனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் கேட்டதற்காகக் கடவுள் அங்கே கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு முடியாத காரியம் உண்டோ என்று தாமும் ஒரு கேள்விதான் கேட்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும் என்று விளக்கமும் சொல்கிறார்.

எதிர்க்கேள்வி கேட்காதவர்கள் யார் தெரியுமா? நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் வருகிறார்கள். நகரம் அழிந்த பிறகு, எகிப்துக்கு ஓட மனதுக்குள் முடிவுசெய்துகொண்டு எரேமியாவிடம் வந்தவர்கள். நன்மையோ தீமையோ, கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எரேமியா பத்து நாள் காத்திருந்து பதில் கொண்டுவந்தார்: போகாதீர்கள். நீ பொய் சொல்கிறாய் என்று அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில், ஜனவரிதோறும் நான் போடும் சண்டையையும் போட்டுவிடுகிறேன். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அச்சாகிறது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தைய வசனம் எங்கே? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்பு என்கிறது அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அம்மா அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சீக்கிரம் திரும்ப முடியாது என்ற கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி. அவனுக்கு எரேமியா 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றார். தம் வாக்குப் பொய்த்து ஜனங்கள் பிழைத்தால் போதும் என்று விரும்பிய அந்த ஆமெனைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

பாடம் கேட்டீர்கள் அல்லவா? வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்பை மூடி வைத்துவிட்டு, முப்பத்திரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எரேமியா அந்தக் கேள்வியைக் கேட்கும் இருபத்தைந்தாம் வசனத்தில் யாராவது கை தூக்கினால், உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.