லால்பாக் பாறையில் ஏன் புதைபடிவம் கிடைக்கவில்லை?

வணக்கம். மகளின் பள்ளிச் செயல்திட்டத்திற்காகப் பெங்களூரு லால்பாக் பாறையில் தேடியும் ஒரு புதைபடிவம்கூடக் கிடைக்கவில்லை என்றும், தாத்தா கொடுத்தனுப்பிய அரியலூர் அம்மோனைட்டையும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம்) அந்தப் பாறையையும் ஒரே காலவரிசையில் எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் தேடியதில் பிழையில்லை. லால்பாக் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான தீபகற்ப நைஸ். நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய அந்தப் பாறை உருவான காலத்தில் நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிர்களே இல்லாததால், ஓடோ எலும்போ அதில் இருக்க வழியில்லை. இத்தகைய பாறைகளின் வயதை, யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டே கணிக்கிறார்கள்.

அம்மோனைட்டோ, கிரிட்டேசியஸ் காலத்தில் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) அரியலூர் வட்டாரத்தைக் கடல் மூடியிருந்ததற்கான சாட்சி. அதன் இனங்கள் விரைவாகத் தோன்றி மறைந்ததால், எந்த இனம் கிடைக்கிறது என்பதே அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடும். உங்கள் கல்லின் பக்கவாட்டில் இலை விளிம்பைப் போல நெளியும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் படமெடுத்து இங்கே இடுங்கள். இனத்தை அறிய அவைதாம் முதல் தடயம். கிடைத்த ஊரையும் தாத்தாவிடம் அவசியம் கேளுங்கள். அந்த வட்டாரத்தின் காரை என்ற ஊர்ப் பகுதி எனில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் என்று எழுதலாம்.

இன்றைய நாளைத் தொடக்கமாக வைத்து, 100 கோடி ஆண்டுகளுக்கு 1 மீட்டர் என நாடாவில் பின்னோக்கிக் குறித்தால், பூமியின் தோற்றம் 4.6 மீட்டரிலும், லால்பாக் 3 மீட்டரிலும், அம்மோனைட் 10 சென்டிமீட்டரிலும் வரும்.