ஒரு ரைடுக்கு ஏறக்குறைய ஆறு வருஷம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இது இலக்கியக் கடிதம் இல்லை, கோவித்துக்கொள்ள வேண்டாம். பல்லடத்துக்காரன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பள்ளிக்கூட டூரில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போன நாளிலிருந்து எனக்கு தீம் பார்க் கிறுக்கு. காலையில் எழுந்ததும் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் எந்தச் சுவர் எழும்பியிருக்கிறது என்று யூடியூபில் பார்த்தால்தான் டீ இறங்கும்.

டிரான் ரோலர் கோஸ்டரை 2017இல் அறிவித்தார்கள், 2023இல் திறந்தார்கள். அச்சு அசலாக அதே ரைடு ஷாங்காயில் 2016இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது, அதாவது டிசைன் கையிலேயே இருந்தது. 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் முழுவதையும் ஒரே வருஷத்தில் கட்டிய கம்பெனி இது! இப்போது டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்கில் வில்லன்ஸ் லேண்ட் (டிஸ்னி படத்து வில்லன்களுக்கு ஒரு பகுதி), கார்ஸ் (அந்தப் படத்தை வைத்து இன்னொன்று) என்று 2024இல் அறிவித்துவிட்டு, 2025 ஜூலையில் அங்கே இருந்த செயற்கை ஆற்றையும் அதன் நடுவிலிருந்த தீவையும் மூடிவிட்டார்கள். திறக்கும் தேதி மட்டும் வாயிலிருந்து வரவில்லை. மகள் மூன்றாவது படிக்கிறாள். டல்லாஸில் இருக்கிற மச்சினன் வா வா என்கிறான். எல்லாம் கட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பதா, போய்விடுவதா? ஏன் இவ்வளவு மெதுவாகக் கட்டுகிறார்கள்? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

– பல்லடம் வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் விடுங்கள், கிரிக்கெட் ஏலத்தை ராத்திரி முழுக்க முழித்துப் பார்க்கிறவர்கள்தானே அவர்களும். உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி, பாவம், கிரேன் ஓட்டுகிற ஆள்மேல் விழுகிறது.

முதலில் அந்த 1955 கதையை விட்டுவிடலாம். 1954 ஜூலையில் வேலை ஆரம்பித்து 1955 ஜூலை 17இல் திறந்தது உண்மைதான். ஆனால் திறந்த அன்றைய நிலவரம் என்ன? போட்ட தார் இறுகாமல் பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது, பிளம்பர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் குடிதண்ணீர்க் குழாய்கள் போதுமான அளவுக்கு வைக்கப்படவில்லை, கொளுத்துகிற வெயிலில் கூட்டம் தண்ணீருக்கு அலைந்தது, இத்தனையும் டிவி நேரடி ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்த நாளில். இன்றைக்கு எந்த பார்க்காவது அப்படித் திறந்தால் முதல் வீடியோ போட்டுக் கிழிக்கிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஷாங்காய் ஒப்பீட்டையும் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அங்கே 2011 ஏப்ரலில் வெற்று நிலத்தில் ஆரம்பித்தார்கள், 2016 ஜூனில் பார்க் மொத்தமும் திறந்தது. ஃப்ளோரிடாவில் டிரான் வந்த இடம் அப்படி இல்லை, தினமும் ஜனம் நடமாடுகிற மேஜிக் கிங்டத்தின் ஓரம். பார்க்கைச் சுற்றி ஓடுகிற நீராவி ரயிலின் பாதையே அந்த மனையில் குறுக்கே போனது. அதற்காக 2018 டிசம்பரில் நிறுத்திய ரயில் 2022 டிசம்பரில்தான் மறுபடி ஓடியது. மண்ணும் சதுப்பு, தோண்டினால் தண்ணீர். ஊழியர்கள் போய்வருகிற சுரங்கப்பாதைகள் என்று சொல்கிறோமே, அவையே உண்மையில் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன, ஜனம் நடப்பது அதற்கு மேலே மாடியில். நிலத்தடி நீர் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால்தான் அப்படிக் கட்டினார்கள்.

இது நமக்குப் புரியாத விஷயமா என்ன. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டியதைப் பார்த்தோமே, 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்களே, அதுதான். கீழே பஸ்ஸும் ஸ்கூட்டியும் ஆம்புலன்ஸும் ஓடிக்கொண்டே இருக்க, மேலே வேலை நடந்தது. அதே பாலத்தை ஆளில்லாத ஒரு மேட்டாங்காட்டில் கட்டச் சொல்லியிருந்தால் இந்த நாளெல்லாம் ஆகியிருக்காது.

இன்னொன்று, நீங்கள் வீடியோவில் ரசித்துப் பார்க்கிற பாகம் இருக்கிறதே, இரும்புப் பாதை ஏறுவது, அதுதான் இருப்பதிலேயே வேகமான வேலை. டிரானுக்கு நெதர்லாந்தின் வெகோமா கம்பெனி. பாதை முழுக்கத் தொழிற்சாலையிலேயே வளைத்து, வெல்டு பார்த்து, பெயின்ட் அடித்துத் துண்டு துண்டாக வந்து இறங்கும். கிரேன் தூக்கிக் கொடுக்க, மேலே கூண்டில் நிற்கிற ஆட்கள் இரண்டு துண்டின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை நெம்பி, போல்ட்டைச் செருகி முறுக்குவார்கள். அஸ்திவாரம் மட்டம் பிசகியிருந்தால் இந்த இடத்தில்தான் குட்டு உடையும். அதனால் நாள் பிடிப்பதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும். முன்னால் மண், பைப், கேபிள். பின்னால் சோதனை.

சோதனையைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை, போட்டாலும் பத்து பேர் பார்க்க மாட்டார்கள். ஆள் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து வண்டியை விடுவார்கள், நாள் கணக்கில், மறுபடி மறுபடி. பாதை முழுவதையும் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு சமயம் ஒரு வண்டிதான் நுழையலாம் என்பதை கம்ப்யூட்டர் காவல் காக்கும். முன்னால் போன வண்டி தாண்டிவிட்டது என்று சென்சார் சொல்லாதவரை பின்னால் வருவதைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு சென்சார் தவறாகச் சொன்னாலும் மொத்தமும் நிற்கும். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கிறவரைக்கும் திறப்பு விழா கிடையாது. இதில் அவசரப்படுத்துகிற ஒரு ரசிகரை நான் பார்க்க விரும்பவில்லை.

சரி, இத்தனையையும் சொல்லிவிட்டு டிரானுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய மேஜிக் கிங்டம் ஜூலையில் திறந்துவிட்டது. அந்தக் கணக்கை எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் 2023 ஏப்ரல் அதிகம்தான். செலவைப் பல நிதியாண்டுகளில் பரப்பத்தான் வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று ரசிகர்கள் சொல்வதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். பணம் இல்லாத கம்பெனி இல்லை. பத்து வருஷத்தில் பார்க்குகளிலும் கப்பல்களிலும் 6,000 கோடி டாலர் போடப்போவதாக 2023இல் அவர்களே சொன்னார்கள்.

ஆனால் உங்கள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேலை நடந்த வேகம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பக்கத்திலேயே போட்டிக் கம்பெனியான யுனிவர்சல் தங்கள் பார்க்கில் வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டினார்களே, அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை புலம்பவில்லை, கவனித்தீர்களா? அதை அதிகாரபூர்வமாக அறிவித்ததே 2020 செப்டம்பரில்தான். அதற்குள் பாதை ஆகாயத்தில் நெளிந்துகொண்டிருந்ததை ஊரே படம் எடுத்துப் போட்டாகிவிட்டது. 2021 ஜூனில் திறந்தார்கள். அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவே ஒரு வருஷம்கூட இல்லை. அடேயப்பா என்ன வேகம் என்றார்கள். 2019இலேயே தோண்ட ஆரம்பித்துவிட்ட வேலை அது.

டிஸ்னி செய்தது நேர் எதிர். 2017 ஜூலையில் தங்கள் ரசிகர் மாநாட்டு மேடையில் ஒரே மூச்சில் ஒரு பட்டியலை வாசித்தார்கள். வாசக்கால் வைக்கிற அன்றைக்கே கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தால் என்ன ஆகும்? போகிற கல்யாணத்திலெல்லாம் “எப்பங்க பால் காய்ச்சறீங்க” என்ற கேள்விதான். அதோடு, கொடுத்த பத்திரிகைகளில் சில வீடாகவே ஆகவில்லை. அதே பட்டியலில் இருந்த மேஜிக் கிங்டம் நாடக அரங்கம் எங்கே? 2019இல் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பார்க்கான எப்காட்டுக்குச் சொன்ன மேரி பாப்பின்ஸ் ரைடு எங்கே? அதனால் இப்போது வில்லன்ஸ் லேண்ட் என்றதும் உங்கள் மனசு நம்ப மறுக்கிறது. சுவர் ஏன் எழும்பவில்லை என்று நீங்கள் தினமும் போய்ப் பார்ப்பது, எழும்புமா என்ற சந்தேகத்தில்தான்.

அவர்களுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2022 மாநாட்டில் இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று வெறும் கனவுகளைக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2024 மேடையில் இதெல்லாம் உண்மையாகவே வேலை நடப்பவை என்று அடித்துச் சொன்னார்கள். தேதி சொல்லாமல் விட்டதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், எனக்கென்னவோ அதுதான் இந்த விவகாரத்தில் அவர்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமாகப் படுகிறது.

அப்புறம், இதைப் படிக்கிற யாராவது, “அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், இவருக்கு ராட்டினம் ஒரு கவலையா” என்று எழுதுவார்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அது குளத்துக்கும் குடிக்கவும் தண்ணீர், கேட்டு வாங்க வேண்டிய உரிமை. இவர் கேட்பது காசு கொடுத்துப் போகிற இடத்தின் சங்கதி. அதற்கும் கோபப்படலாம்.

போவதா காத்திருப்பதா என்றால், போய்விடுங்கள். வில்லன்ஸ் லேண்ட் திறக்கும்போது பாப்பா உங்களோடு வர ஒத்துக்கொள்வாளா என்பதே சந்தேகம். யுனிவர்சலின் புதுப் பார்க்கான எபிக் யுனிவர்ஸ் 2025 மே மாதம் திறந்துவிட்டது (2023 என்று சொல்லி, வேலையைப் பாதியில் நிறுத்தி, 2021இல் மறுபடி ஆரம்பித்ததுதான் அதுவும், யுனிவர்சலும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை). டிரானும் ஓடுகிறது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பாப்பாவை நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். டிரானுக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும், வெலாசிகோஸ்டருக்கு 130. மூன்றாவது படிக்கிற பிள்ளை முதலாவதைத் தொட்டிருப்பாள், இரண்டாவதற்கு அநேகமாக இன்னும் கொஞ்சம் வளர வேண்டும். விசா கிடைக்கிற வரைக்கும் கை அரித்தால் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்துவிட்டது, சுவிட்சர்லாந்து பி அண்ட் எம் கம்பெனியின் தலைக்கு மேலே பாதை ஓடுகிற, காலைத் தொங்கவிட்டுப் போகிற கோஸ்டர் அங்கே இருக்கிறது. சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. போய்வந்து எழுதுங்கள்.